செய்தியைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஈடுபாட்டை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி – பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். கடந்த இரண்டு பருவங்களாக வாரத்திற்கு ஒரு பாடவேளையை ஊடகங்களைப் புரிந்துகொள்வதற்கென ஒதுக்கி, போலிச் செய்தியை அடையாளம் காண்பது, படங்கள் எப்படி வெட்டி ஒட்டப்படுகின்றன, தலைப்பு எப்படி ஆளை இழுக்கிறது என்பவற்றைச் சொல்லிக்கொடுத்தேன். முடிவில், "இப்போது ஒரு செய்தியைப் படித்தால் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டேன். "எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள்; செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன்" என்றாள் ஒரு மாணவி. பாதி வகுப்பு தலையாட்டியது. சமத்துவ உணர்வையும் பொதுக் காரியங்களில் அக்கறையையும் வளர்க்கத் தொடங்கிய பாடம், பிள்ளைகளைப் பொது வாழ்விலிருந்தே விலக்கிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். எங்கே திருத்த வேண்டும்?

மறுமொழி 1 – ஆசிரியர் பயிற்றுநர்

உங்கள் அச்சம் நியாயமானது. நாம் வகுப்புக்குக் கொண்டுபோகும் எடுத்துக்காட்டுகள் அத்தனையும் பொய்ச் செய்திகளாக இருந்தால், உலகில் பொய் மட்டுமே இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் முடிவு செய்வார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் நடத்திய ஆய்வில், தகவல் சரிபார்ப்பாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் ஒரே வலைத்தளங்களைக் கொடுத்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, அதன் தோற்றத்தையும் முத்திரையையும் நம்பிப் பல இடங்களில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவது யார், அவர்களைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நம்பத்தக்கதை விரைவாகக் கண்டுபிடிப்பதற்கான பழக்கம் அது. ஆகவே உங்கள் பயிற்சித் தாள்களில் பாதியளவாவது நேர்மையாக எழுதப்பட்ட செய்திகளாக இருக்கட்டும். "இதை நம்பலாம், ஏனென்றால்…" என்று பிள்ளைகள் காரணத்தோடு சொல்லிப் பழகட்டும்.

மறுமொழி 2 – முன்னாள் செய்தியாளர்

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செய்தி உண்மையாகவே இருந்தாலும், அதில் பேசுவது யார்? தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். படத்தில் வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் பெண்கள். செய்திக்குள் பெயரும் பதவியும் மேற்கோளும் பெற்றவர்கள் மூன்று ஆண்கள்: ஒரு பொறியாளர், ஓர் அதிகாரி, ஓர் உறுப்பினர். இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனாலும் தண்ணீருக்காக அலைகிறவருக்கு அதைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை என்று அந்தச் செய்தி சொல்லாமல் சொல்கிறது.

1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் நடத்தப்படும் உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டம் இதைத்தான் எண்ணிப் பார்க்கிறது. செய்திகளில் இடம்பெறுவோரில் பெண்கள் 1995-இல் 17 விழுக்காடு. 2020-இல் 25 விழுக்காடு. கால் நூற்றாண்டில் எட்டே புள்ளிகள்தான் ஏறியிருக்கின்றன. வஞ்சம் வைத்து யாரும் இப்படி எழுதுவதில்லை. மாலைக்குள் செய்தி போயாக வேண்டும் என்ற நெருக்கடியில், கைப்பேசியில் யாருடைய எண் இருக்கிறதோ அவரைத்தான் அழைப்போம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதினேன். இந்தக் காரணத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சதி என்று நினைத்தால் ஒதுங்கிவிடுவார்கள்; வேலை நடக்கும் முறையில் உள்ள குறை என்று புரிந்தால், திருத்தச் சொல்லிக் கேட்பார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றே செய்து பார்த்தோம். நான்கு நாள் செய்தித்தாள்களைப் பிரித்துக் கொடுத்து, பெயர் பெற்றவர், பெயரின்றிப் படத்தில் மட்டும் இருப்பவர் என இரண்டு பத்திகளில் குறிக்கச் சொன்னேன். செய்தியே வேண்டாம் என்ற அதே மாணவி, மணி அடித்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தாள். மாற்றுத்திறனாளிகள் இரண்டே செய்திகளில்தான் வந்தார்கள், இரண்டிலும் உதவி பெறுகிறவர்களாகவே வந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். செய்தித்தாளின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பள்ளி அரசியலில் இறங்கிவிட்டது என்ற பேச்சு வருமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

மறுமொழி 3 – குடிமைக் கல்விப் பணியில் இருப்பவர்

தாராளமாக எழுதட்டும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 12-ஆவது பிரிவில் கூறுகிறது. கட்சிக்காகப் பேசுவது வேறு, பொதுப் பிரச்சினையைப் பேசுவது வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பிலேயே தெளிவாக வரையறுத்துவிட்டால் தலைமையாசிரியரிடம் விளக்குவதும் எளிது. கடிதத்தில் குற்றச்சாட்டைவிட எண்ணிக்கை முன்னால் நிற்கட்டும்: எத்தனை நாள், எத்தனை செய்தி, யார் எத்தனை முறை. கேட்பது ஒன்றாக இருக்கட்டும். "படத்தில் இருப்பவரின் பெயரையும் அவர் சொன்ன ஒரு வரியையும் வெளியிடுங்கள்" என்பது போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பற்றி வகுப்பு விவாதிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்பதையும் ஒரு மாணவர் எண்ணட்டும். பல வகுப்புகளில் நான் பார்த்தவரை, நான்கைந்து பேரே பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நிமிடம் தாளில் எழுதி, பிறகு வாசிக்க வேண்டும் என்று வைத்தால், இதுவரை வாய் திறக்காத பிள்ளைகளின் கருத்தும் கடிதத்திற்குள் வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

எண்ணும் பொறுப்பை, ஆண்டு முழுக்கக் கடைசி வரிசையில் பேசாமல் இருந்த ஒரு மாணவனிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கடிதத்தின் முதல் வரைவு எழுதுகிறோம்.