மூட்டு மாற்றி மூன்றாவது வாரம்: அம்மாவால் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை

முக்கூடல் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறாள். தரையில் காலை மடக்கி உட்கார்ந்து மடியில் சுளகை வைத்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். வலது முட்டு தேய்ந்துபோய், திருநெல்வேலியில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். ஆஸ்பத்திரியில் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள், நன்றாகத்தான் நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். வலிக்கிறது என்று முட்டுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். பயிற்சி என்றாலே அழுகை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வேறு, 'மடக்காத, உள்ள வச்சது கழண்டுரும்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நேற்று பிசியோ அளந்ததில் 70 டிகிரிதான் மடங்குகிறது, முழுசாக நீட்டவும் வரவில்லை. 'எப்போ கீழ உக்காந்து சுளக எடுப்பேன், எப்போ ஆத்துல குளிப்பேன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்ன சொல்லட்டும்?

அம்பாசமுத்திரம் டீச்சர்:

முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடும்மா. நான் இரண்டு முட்டும் மாற்றிக்கொண்டவள். எத்தனை டிகிரி மடங்குகிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், நீட்ட வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. முழங்கால் லேசாக மடங்கி இருந்தால் வலி குறைவாகத் தெரியும். அப்படியே கிடந்தால் பின்பக்கம் இறுகிப்போய், அப்புறம் நொண்டி நொண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும். நின்றாலே தொடை சோர்ந்துபோகும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. முட்டு அந்தரத்தில் இருக்கட்டும், தன் பாரத்திலேயே இறங்கும். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளில் பல தடவை.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரைமணி கழித்துப் பயிற்சியைத் தொடங்கு. வலி ஏறின பிறகு மாத்திரையைத் தேடினால் அன்றைய பயிற்சி போச்சு. முடிந்ததும் துணியில் சுற்றின ஐஸ் வை.

மடக்குவதற்கு எனக்குக் கைகொடுத்தது நாற்காலிதான். எங்கள் வீட்டுத் தரை வழவழப்பான சிமெண்ட். பாதத்துக்கு அடியில் பழைய வேட்டித் துண்டைப் போட்டுக் காலைப் பின்னால் இழுப்பேன். அதற்கு மேல் வராது என்ற இடத்தில் மற்ற காலால் மெதுவாகத் தள்ளி, பத்து எண்ணும்வரை நிறுத்துவேன். கண்ணீர் வரத்தான் செய்தது. அம்மாவைத் தனியாகச் செய்யச் சொல்லாதே. நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணு.

பாளை பிசியோ:

டீச்சர் சொன்னது சரி. உள்ளே வைத்ததைப் பெரும்பாலும் எலும்போடு சிமெண்ட் வைத்து ஒட்டியிருப்பார்கள், மடக்குவதால் கழலாது. 70 டிகிரி குறைவுதான், ஆனாலும் மனம் விட வேண்டாம். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 90-க்கு மேல் வேண்டும். அடுத்த செக்கப் வரை காத்திராமல் சர்ஜனிடம் இப்போதே இந்த அளவைச் சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் தாண்டியும் 90 வராவிட்டால், மயக்கம் கொடுத்து முழங்காலை மடக்கிவிடுவது பற்றி யோசிப்பார்கள். அதை மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

தொடையின் முன்பக்கத் தசையைக் கவனியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் அதன் பலம் பாதியாகக் குறைந்துவிடும். காலை நீட்டி, முட்டின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். பிறகு நீட்டின காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடிக்கு மாறினால் அவர்களுக்கு அது இடது கையில் இருக்க வேண்டும்.

வீக்கமும் சூடும் சில மாதம் இருக்கும், தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108.

முக்கூடல் பொண்ணு:

தலையணையை எடுத்தாச்சு டீச்சர். ராத்திரி கொஞ்சம் சண்டைதான். சுளகுக்கு என்ன சொல்ல? கைக்கு வேலை இல்லாதது அவளுக்கு வலியைவிடப் பெரிய வருத்தம்.

அம்பாசமுத்திரம் டீச்சர்:

தரையில் சம்மணம் போடுவதை விட்டுவிடச் சொல். பீடி சுற்றுவதை விடச் சொல்லாதே. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துச் சுற்றட்டும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வரணும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ஆற்றுக் குளியலுக்கு அவசரம் வேண்டாம். காயம் முழுசாக ஆறின பிறகும் படித்துறைப் பாசியில் வழுக்கினால் மாற்றின மூட்டைச் சுற்றி எலும்பு உடையலாம். டாக்டர் சரி சொல்லும்வரை வீட்டில் ஸ்டூல் போட்டுக் குளிக்கட்டும். டாக்டர் சரி என்ற பிறகுதான் நானும் தாமிரபரணிக்குப் போனேன், அதுவும் கையைப் பிடிக்க ஆளோடு. மேல்படியிலேயே நின்று, செம்பால் மொண்டு தரச் சொல்லி ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த தடவை பிசியோ அளந்ததும் எத்தனை டிகிரி என்று இங்கே எழுது. நீட்டுவதையும் அளக்கச் சொல்.