7 அடி பம்பிள்பீ உடை: 8,000 ரூபாய்க்குள் முடியுமா?

தேங்காய்நார்

டிரான்ஸ்பார்மர்ஸ் படத்தில் காராக மாறும் மஞ்சள் ரோபோ பம்பிள்பீ மாதிரி, ஆள் உள்ளே புகுந்து நடக்கிற உடை ஒன்று கல்லூரி விழாவுக்கு வேண்டும். போடுகிறவர் உயரம் 5 அடி 7 அங்குலம். நின்றால் 7 அடி தெரியணும். மேடையில் 10 நிமிஷம், பிறகு வெளியே போட்டோவுக்கு அரை மணி நேரம். கட்டர், ஹீட் கன், க்ளூ கன் இருக்கு. தெர்மாகோல், சன்பேக் ஷீட் (விளம்பரப் பலகைக்கு வரும் பிளாஸ்டிக்), ஈவிஏ ஃபோம் (செருப்பில் வரும் மெத்தென்ற ஃபோம்), இந்த மூன்றில் எது? ஆளின் தலையை மார்புப் பகுதிக்குள் வைத்து, மேலே பொம்மைத் தலை வைத்தால் உயரம் சுலபமாக வந்துவிடுமே, அது சரிவருமா?

கட்டர்பிளேடு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். தலையை மார்புக்குள் இறக்கினால் உங்கள் தோள் ரோபோவின் விலாவுக்கு வந்துவிடும். கை வயிற்றிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும், எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அதை மறைக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது 43 செ.மீ. கூடுதல் உயரம். அதில் காலடியில் 12, ஹெல்மெட்டின் உச்சியில் 12 போட்டால் ஆள் 6 அடி 4 அங்குலம் ஆகிவிடுவார். மீதியைத் தலையில் தேடாதீர்கள். பம்பிள்பீக்கு முதுகில் காரின் கதவுகள் இறக்கை மாதிரி நிற்குமே, அதன் நுனியை 7 அடிக்குக் கொண்டுபோங்கள். பார்க்கிறவர் கண் அந்த நுனியைத்தான் உயரமாக எடுத்துக்கொள்ளும். ஹெல்மெட்டைச் சிறியதாகவும் தோள், முன்கை, பாதம் மூன்றையும் பெரியதாகவும் வையுங்கள். தலை பெரிதானால் குழந்தைகளோடு கைகுலுக்கும் பொம்மை வேஷம் ஆகிவிடும்.

பொருள் ஈவிஏதான். தெர்மாகோல் பெயின்ட் ஸ்ப்ரே பட்டாலே கரையும். சன்பேக் பாலிபுரோப்பிலீன் என்பதால் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. கேபிள் டை, ரிவெட் போட்டு மாட்டத்தான் முடியும். இறக்கைக்குள் விறைப்புக்கு மட்டும் அதை வையுங்கள்.

ஃபோம் வாங்கும்போது அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 100 கிலோ ரகத்தில் 2 மீ x 1 மீ, 10 மி.மீ. ஷீட் ஒன்று 2 கிலோ. 5 மி.மீ. என்றால் 1 கிலோ. எல்லாவற்றையும் 10-இல் வெட்டினால் ஆள் சுமக்கவே முடியாது. மார்பு, தோள் ஆகியவற்றின் அடிக்கூட்டுக்கு 10 மி.மீ. இரண்டு ஷீட், மேல் தகடுகள், கை, காலுக்கு 5 மி.மீ. ஐந்து ஷீட் போதும். கழிவு போக ஏறக்குறைய 7 கிலோ நிற்கும். சென்னையில் இருந்தால் பெரியமேட்டுப் பக்கம் செருப்பு மூலப்பொருள் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கைவினைப் பொருள் என்ற பெயரில் சின்னச் சின்னத் துண்டாக வாங்கினால் பட்ஜெட் அதிலேயே போய்விடும்.

காலுக்கு ஃபோமை அடுக்காதீர்கள். 38 x 18 செ.மீ. பாதத்துக்கு 12 அடுக்கு, இரண்டு கால் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு ஷீட் காலி. அதோடு அமுங்கி கணுக்காலும் மடங்கும். 9 மி.மீ. பிளைவுட் மேலும் கீழும், நடுவே குறுக்காக மூன்று மர ரீப்பர், எல்லாம் ஸ்க்ரூ. மேல் பலகையில் பழைய ஷூவை உள்ளங்காலிலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பிடித்து, கணுக்காலுக்கு ஒரு பட்டை. வெளிப்பக்கம் 4, 5 செ.மீ. அகலப்படுத்தலாம். உட்பக்கம் கூடாது, நடக்கும்போது ஒரு கால் மற்றதை உதைக்கும். விறைத்த அடிப்பாகம் மடங்காது என்பதால் முன்நுனியைக் கீழிருந்து 15 மி.மீ. மேல்நோக்கி வளைத்துச் சீவி, முழுக்க ரப்பர் ஒட்டுங்கள். சீவாவிட்டால் நாலாவது அடியிலேயே தடுக்கும்.

மார்புக்கு அளவெடுக்க கம்ப்யூட்டர் மாடல் தேவையில்லை. பழைய பனியன் மேல் கிளிங் ஃபிலிம், அதன் மேல் மாஸ்கிங் டேப் சுற்றி, கோடு போட்டு, வெட்டி விரித்தால் அதுதான் அளவுத்தாள். ஹெல்மெட்டை மட்டும் பெபகுராவில் (3டி மாடலைத் தாளில் வெட்டும் துண்டுகளாக விரிக்கும் மென்பொருள்) விரித்து, முதலில் அட்டையில் ஒட்டித் தலையில் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும்.

பசைடப்பா

க்ளூ கன்னை ஓரமாக வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்த உடையை வைத்தால் ஹாட் க்ளூ இளகி மூட்டுகள் வாய் பிளக்கும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை எடுங்கள். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தேய்த்து 10, 15 நிமிஷம் காத்திருங்கள். விரல் வைத்தால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் சேர்க்கணும். சேர்த்தபின் நகர்த்த முடியாது, அதனால் ஒரு முனையில் தொடங்கி விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பெரும்பாலான மூட்டு பிரிவதற்குக் காரணம். ஜன்னல் திறந்திருக்கணும், முகத்துக்கு கரைப்பான் ஆவியை வடிகட்டும் மாஸ்க். துணி மாஸ்க் பயன்படாது.

கட்டர் 18 மி.மீ. அகல பிளேடு. வெட்டு முகம் சொரசொரவென்று பிய்ந்தால் ஃபோமைத் திட்டாதீர்கள், பிளேடு நுனியை உடையுங்கள். மூலைக்கு 45 டிகிரி சாய்வெட்டு.

அடுத்து ஹீட் கன். ஒட்டுவதற்கு முன்பே வெளிமுகம் முழுக்க, ஒரே இடத்தில் நிற்காமல் காட்டுங்கள். மங்கலாக இருந்த பரப்பு லேசாகப் பளபளக்கும், அங்கே நகர்ந்துவிடுங்கள். அதில்தான் துளைகள் மூடும். ஒட்டிய பிறகு காட்டினால் மூட்டே திறக்கும்.

பிறகு பூச்சு. சாதாரண வெள்ளை ஃபெவிகாலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து மூன்று கோட் என்று பலர் சொல்வார்கள். அது வியர்வையிலும் மழையிலும் மறுபடி பிசுபிசுக்கும். தண்ணீர் தாங்கும் மரைன் ரகம் எடுங்கள். முழங்கை, முழங்கால் மடியும் இடங்களில் அதுவும் வெடிக்கும், அங்கே துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும். கறுப்பு ஃபோம் மேல் நேராக மஞ்சள் அடித்தால் பச்சை கலந்த அழுக்கு நிறம்தான் வரும். முதலில் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல், அதன் மேல் மஞ்சள் இரண்டு கோட். மூட்டு இடுக்குகளில் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டு, மேல்முகத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பளபளப்பு போய் இரும்பு மாதிரி ஆவது அந்த அழுக்கில்தான்.

ஓம்ஸ்விதி

கண் விளக்குக்கு 12 வோல்ட் எல்இடி பட்டையும் பேட்டரியும் தேடாதீர்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5 வோல்ட் யுஎஸ்பி எல்இடி பட்டை ஒரு மீட்டர், 5 வோல்ட் சின்ன ஃபேன் இரண்டு, அவ்வளவுதான். கண்ணுக்கு நீலம். எல்இடி மட்டும் தனியாகப் போட்டால் மின்சாரம் குறைவாக இழுப்பதால் பல பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். ஃபேனையும் அதே பவர் பேங்கில் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூட்டையே திரும்ப ஊதும். ஹெல்மெட் உச்சியில் வெளியே இழுக்கும்படி ஒன்று, பின்கழுத்தில் ஒன்று, தாடையடியில் காற்று நுழைய இடைவெளி. பார்வைக்குக் கறுப்பு கொசுவலை. நிறம் போட்ட அக்ரிலிக் ஷீட் மூச்சு பட்டதும் மங்கும். எல்இடியின் பின்னால் கறுப்பு ஃபோம் அடைக்காவிட்டால் போட்டிருப்பவர் நீல வெளிச்சம் தவிர எதையும் பார்க்க மாட்டார். ஹெல்மெட் ஒயரில் பிடித்து இழுத்தால் கழன்றுவரும் பிளக் போடுங்கள்.

தேங்காய்நார்

நன்றி அண்ணா, எல்லோருக்கும். தோள் ரொம்ப அகலமாகிறது. உடையைத் தாங்கும் பட்டைகளை ஃபோமில் நேரடியாக ஒட்டலாமா? அப்புறம், உட்கார்ந்தால் காராக மாறுகிற மாதிரி?

கட்டர்பிளேடு

கார் இந்த பட்ஜெட்டில் வேண்டாம் தம்பி. அதற்கு முழங்கையிலும் முழங்காலிலும் உடல் எடையைத் தாங்கும் சக்கரம் வேணும், ஒவ்வொரு தகடும் மடங்கும் இடம் மாறும். வேறு உடை அது.

மார்புக் கூட்டைப் பழைய மலையேற்றப் பையின் சட்டத்தில் மாட்டி, இடுப்புப் பெல்ட்டில் எடையை இறக்குங்கள். தொடைத் துண்டுகளையும் அதே பெல்ட்டிலிருந்து பட்டையில் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் நடக்க நடக்க முழங்காலுக்கு வழியும். பட்டையை நேராக ஒட்டினால் ஃபோம் கிழியும். 10 x 10 செ.மீ. தடித்த துணியில் தைத்து, அந்தத் துணியை முழுக்க ரப்பர் பசையில் ஒட்டுங்கள். வெல்க்ரோவும் தைக்கும் ரகம்தான், பின்பக்கப் பசையோடு வருவது சூட்டில் உரியும்.

தோளையும் இறக்கையையும் கிளிப் பக்கிளில் தனித்தனியாகக் கழற்றும்படி வையுங்கள். வாசல் அகலம் 90 செ.மீ.தான் இருக்கும், மேடைக்குப் பின்னால் இன்னும் குறையலாம். நேரில் போய் டேப் பிடித்து அளந்துவிட்டுப் பிறகு ஃபோமை வெட்டுங்கள்.

ஓம்ஸ்விதி

கூடவே ஒரு ஆள் கட்டாயம். இந்த உடையில் குனிந்து பாதம் பார்க்க முடியாது, படிக்கட்டில் கை பிடித்து இறக்கணும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். மேடையில் பூச்சட்டி, மத்தாப்பு வைக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுங்கள், ஈவிஏ தீப்பிடிக்கும்.