பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோன ஆபீஸ் கார்ட்லெஸ்: உங்கள் அனுபவம்?

குடோன்காரன்:
ரெண்டு வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை. எங்கள் குடோனில் டெக்ட் போன், அதாவது ஆபீஸுக்குள் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற கார்ட்லெஸ். அதற்கு சிக்னல் தருகிற சுவர்ப்பெட்டி, பேஸ், நாலு. சூப்பர்வைசர் பேசிக்கொண்டே மூன்றாவது ரேக் வரிசைக்குள் திரும்பினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "தம்பி, மேல தூக்" என்பதோடு லைன் போய்விட்டது. அவர் சொல்ல வந்தது "தூக்காத". பையன் காதில் விழுந்தது "தூக்கு". ஒரு பேலட் கடலை எண்ணெய் டின் அப்படியே சரிந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. எண்ணெய் ஓடிவந்து என் செருப்புக்கடியில் நின்றது.

அப்புறம்தான் தெரிந்தது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் இரண்டாவது பேஸைக் கழற்றி, திரும்ப பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது பேஸ் அதன் சிக்னலைப் பிடித்துத்தான் சிங்க் ஆகும், அதாவது நேரத்தை அதோடு ஒன்றாக வைத்துக்கொள்ளும். பிடிக்க முடியவில்லை. நின்ற இடத்தில் பேசினால் ஒரு குறையும் இல்லை, நடந்து ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்குப் பேச்சு மாறும்போதுதான் அறும். அதனால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

நைட்டூட்டி:
எங்கள் ஆஸ்பத்திரியில் பேஸெல்லாம் ஒழுங்குதான். கைக்கு சானிடைசர் போட்ட ஈரத்தோடு போனை எடுப்போம், வைப்போம். அடியில் சார்ஜ் ஏறும் ரெண்டு தகடும் பிசுக்கேறிவிட்டது. ஸ்டாண்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், சார்ஜ் ஏறாது. விடியற்காலை 3 மணி. "சிஸ்டர், எந்த பெட்" என்று டாக்டர் கேட்டார், செட் அணைந்தது. ரெண்டு மாடி இறங்கி ஓடினேன். பேஷன்ட் பிழைத்துக்கொண்டார். நான் இப்போதும் பீப் சத்தம் கேட்காமல் போனிலிருந்து கையை எடுப்பதில்லை.

லாபி78:
குடோன் அண்ணா, கோபிக்காதீங்க. சிங்க் என்பது சர்வீஸ்காரர்கள் சொல்கிற சாக்கு. இரும்பு ரேக்கில் சரக்கு நிரம்பினால் சிக்னல் போகாது, அவ்வளவுதான். எங்கள் ஹோட்டலில் லிஃப்ட் பக்கத்தில் அறும், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் வைத்தோம், சரியாகிவிட்டது.

புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். குடோன் காலியாக இருக்கிற நாளில் சிக்னல் எங்கே எட்டுகிறது என்று சர்வே எடுக்காதீர்கள். ரிப்பீட்டர் தூரத்தை நீட்டுமே தவிர, புது லைன் எதுவும் தராது. டெக்டில் ஒரு பேஸுக்குக் கணக்குப்படி ஒரே நேரத்தில் 12 பேச்சு, பெட்டியைப் பொறுத்து அதிலும் குறையும். கல்யாண சீசனில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லாரும் ஒரே மாடியில் பேசினால் பிஸி டோன்தான். பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். அவசரத்துக்கு, சார்ஜ் ஏற்றக்கூடாத பெட்டிக்கடை பேட்டரி செல்லைப் போட்டு ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள், கசியும், வெடித்தாலும் வெடிக்கும். போனை பேஸில் பதிவு செய்கிற ரகசிய எண் (PIN) 0000 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். முதலாளி அழகு பார்த்து பேஸை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி டக்டுக்குப் பக்கத்தில் ஒளிக்கச் சொல்வார். கேட்காதீர்கள்.

பழைய லைன்மேன்:
90களிலேயே சென்னை ஐஐடியில் இதே டெக்டை வைத்து கார்டெக்ட் செய்தார்கள். கம்பி இழுக்க முடியாத ஊரில் டவரிலிருந்து வீட்டுச் சுவர்ப்பெட்டிக்கு, கிலோமீட்டர் கணக்கில் பேச்சு போனது. நீங்கள் 50 மீட்டருக்குள் ரேக்கோடு மல்லுக்கட்டுகிறீர்கள். ஆனால் ஒன்று, அங்கே ஆன்டெனா ரெண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. பீரோ குறுக்கே வரவில்லை.

குடோன்காரன்:
லாபி தம்பி, ரேக் அதே ரேக், சரக்கும் அதே சரக்கு. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஆறு மாதம் ஒரு தடவை கூட அறவில்லை. பேஸைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன், அன்றைக்கே சரியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன சொல்ல?

அந்தப் பையன்தான் பாவம். இன்னும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறான். போனில் யார் என்ன சொன்னாலும், "தூக்கவா, வேணாமா? முழுசா சொல்லுங்கண்ணே" என்று ரெண்டு தரம் கேட்ட பிறகுதான் லீவரில் கை வைக்கிறான்.