மெட்ரோ பணியால் நலிந்த கடைகளுக்கு மாநில அரசின் நிதியுதவியில் இடம் உண்டா?

கடைவீதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடைபெறும் சாலை ஒன்றில், பதினொரு ஆண்டுகளாக வாடகைக் கட்டடத்தில் பெயின்ட், குழாய், கம்பிச் சாமான்கள் விற்கும் கடையை நடத்தி வருகிறேன். மெட்ரோ வரக்கூடாது என்று நினைப்பவன் அல்லன். என் மகள் கல்லூரிக்குச் செல்ல இரண்டு பேருந்துகள் மாற வேண்டியிருக்கிறது. இந்த ரயில் வந்தால் அவளுக்குத்தான் முதலில் நன்மை. பாதுகாப்புக்காகச் சாலையின் நடுவே தடுப்புகள் வைத்தே ஆக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் தடுப்பு வந்த நாளிலிருந்து என் கடைக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டிகூட நின்று சரக்கு ஏற்ற முடியவில்லை. என்னிடம் வாடிக்கையாக வாங்கிய கட்டட மேஸ்திரிகள் ஒவ்வொருவராக வண்டி நிறுத்த இடமுள்ள கடைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஐம்பது கிலோ வெள்ளை சிமென்ட் மூட்டையை யாரும் இருநூறு மீட்டர் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டார்கள். விற்பனை பாதிக்கும் கீழே சென்றுவிட்டது. வாடகை குறையவில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் நிலைக்கட்டணமும் குறையவில்லை.

2020இல் ஊரடங்கின்போது மத்திய அரசின் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் கூடுதல் கடன் பெற்று, அதைச் சிரமப்பட்டு அடைத்து முடித்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடைக்குள் தண்ணீர் புகுந்தது; குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. பெருந்தொற்றையும் புயலையும் பேரிடர் என்று அரசு ஏற்றுக்கொண்டதால் ஏதோ ஒரு உதவிக்கு வழி இருந்தது. அரசே திட்டமிட்டு, பல ஆண்டுகளுக்கு நடத்தும் ஒரு பணியால் வரும் இழப்புக்கு என்ன பெயர், அதற்கு எந்தத் துறையிடம் போவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. மாநில அரசின் நிதியுதவித் திட்டங்களில் என் போன்ற சில்லறைக் கடைக்காரருக்குப் பொருந்துவது எதுவும் உள்ளதா? ரயிலுக்கு இவ்வளவு பெரிய தொகை ஒதுக்கப்படுவதால்தான் எங்களுக்குப் பணம் இல்லாமல் போகிறது என்று சங்கக் கூட்டத்தில் சிலர் பேசுகிறார்கள், அது உண்மையா?

பேரேடு (பதில்):

அரசுக் கணக்குப் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மூன்று வழித்தடங்களைக் கொண்டது. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளிக்கும்வரை இது மாநிலத் துறைத் திட்டமாகவே நடந்தது. அதாவது, 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி, நிலத்தின் விலை போன்ற சில இனங்கள் நீங்கலான செலவில் பத்து விழுக்காடு மட்டுமே மத்திய அரசின் பங்கு. ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டுப் பொறுப்பு தமிழக அரசின் தலையில் இருந்தது. ஒப்புதலுக்குப் பிறகு 33,593 கோடி ரூபாய்க் கடனும், பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக (மற்றக் கடன்களுக்குப் பிறகே திருப்பித் தரப்படும் கடன்) 7,425 கோடி ரூபாயும் மத்திய அரசின் வழியே வருகின்றன. மீதமுள்ள 22,228 கோடி ரூபாய் மாநிலத்தின் பொறுப்பு.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த 33,593 கோடி ரூபாய் மாநிலக் கருவூலத்துக்குக் கிடைத்த ரொக்கம் அன்று. ஜைக்கா என்ற ஜப்பான் அரசின் உதவி நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை தரும் கடன் முன்பு மாநிலத்தின் கடன் கணக்கில் ஏறியது. இப்போது மத்திய அரசின் கடனாகக் கருதப்பட்டு மெட்ரோ நிறுவனத்துக்குச் செல்கிறது. ஆகவே, ஆண்டுதோறும் மாநிலம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் சற்று இடம் கிடைத்திருக்கிறது. கடனைத் திருப்பிச் செலுத்த மெட்ரோ நிறுவனத்தால் இயலாத ஆண்டில் அதற்கான நிதியை மாநில அரசே தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எனவே மாநிலத்தின் கை தாராளமாகிவிட்டது என்று சொல்வதும் சரியாகாது, ரயிலால் கடைக்காரரின் பங்கு பறிபோனது என்று சொல்வதும் சரியாகாது. கட்டுமானத்துக்காக வாங்கிய கடனைக் கடை வாடகைக்குத் திருப்ப முடியாது. ஆனால் மாநிலத்தின் சொந்தப் பங்கில் இதற்கென ஒரு செலவுத் தலைப்பை ஏற்படுத்துவதற்குத் தடையேதும் இல்லை.

ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கடைகளுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 36 கோடி ரூபாய் ஆகும். திட்ட மதிப்பீட்டில் நூறு ரூபாய்க்கு ஆறு பைசாவுக்கும் குறைவு. ஐயாயிரம் கடைகள் என்றாலும் முப்பது பைசாவைத் தொடாது. தொகை பெரிதாக இருப்பதால் இது நிற்கிறது என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சில்லறை, மொத்த வணிகர்களும் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் பதிவு செய்யலாம் என்று 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் முன்னுரிமைத் துறைக் கடன் (வங்கிகள் சில துறைகளுக்கென ஒரு பங்கைக் கட்டாயம் ஒதுக்கித் தரும் கடன்) என்ற ஒரே பயனுக்காக மட்டுமே அந்தப் பதிவு. குறு, சிறு தொழில்களுக்கான மானியங்கள் பெரும்பாலும் உற்பத்தி, சேவை நிறுவனங்களை நோக்கி வகுக்கப்பட்டவை. வாங்கி விற்கும் கடை அவற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 1989இல் அமைக்கப்பட்ட வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேருங்கள் என்பேன். ஆயினும் அதன் உதவிகள் உறுப்பினரின் மரணம், மருத்துவம், தீ விபத்து முதலியவற்றுக்கானவை, சாலைப் பணியால் குறைந்த விற்பனைக்கானவை அல்ல.

உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மெட்ரோ, திட்டம் மற்றும் வளர்ச்சித் துறையின்கீழ் வருகிறது. சிறுதொழிலுக்குத் தனித் துறை இருக்கிறது. வணிகர் நல வாரியம் வணிகவரித் துறையோடும், சொத்து வரி நகராட்சி நிருவாகத்தோடும், மின் கட்டணம் எரிசக்தித் துறையோடும் சேர்ந்தவை. ஐந்து துறைகளில் எதற்கும் நீங்கள் முழுமையாக உரியவர் அல்லர். ஆகவே தனித்தனியாக மனுக் கொடுப்பதைவிட, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மூலமாக, துறைகளின் செலவுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்பச் செய்வதே பயன் தரும்.

நடைபாதை (பதில்):

சாலையோர வியாபாரிகளிடையே பணியாற்றி வருகிறேன். கடைக்காரர் ஐயா சொல்வது நியாயமே; அவரைவிட மெலிந்த நிலையில் இருப்பவர்களையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். தடுப்பு வைக்கும்போது நடைபாதையில் பூக்கட்டி விற்கும் அம்மாவின் இடம் முழுவதுமாகவே மறைந்துவிடுகிறது. அவருக்கு வாடகை ஒப்பந்தமும் இல்லை, விற்பனைக் கணக்கும் இல்லை.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் பெற்றவரை உரிய அறிவிப்பின்றி அகற்ற முடியாது. மாற்றிடம் பற்றிப் பேச நகர விற்பனைக் குழு இருக்கிறது. அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதைப் பெறுவதற்கு முயல வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் சாலையோர வியாபாரிகளுக்கென வந்த மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 10,000 ரூபாய்க் கடன் கிடைத்தது. வியாபாரம் நடக்கும் இடம் இருந்தால்தான் அந்தக் கடன் உதவும். உட்கார இடம் போனவருக்குக் கடன் கொடுப்பது இன்னொரு சுமையை ஏற்றுவதாகவே முடியும். அவருக்குத் தேவைப்படுவது, பணி முடியும்வரை நூறடி தள்ளியாவது உட்கார ஓர் இடம்.

தண்டவாளம் (பதில்):

நகர்ப்போக்குவரத்துத் திட்டமிடல் படித்தவன் என்பதால், வேறு ஊர்கள் இதே சிக்கலை எப்படிக் கையாண்டன என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரெய்னியர் பள்ளத்தாக்கு என்ற பகுதியில், புலம்பெயர்ந்தோரின் சிறு கடைகள் நிறைந்த சாலையின் நடுவே இலகு ரயில் பாதை அமைக்கப்பட்டது. 2009இல் அது ஓடத் தொடங்கியது. அந்தப் பகுதிக்கென ஐந்து கோடி டாலரில் ஒரு சமூக நிதியம் ஏற்படுத்தி, கட்டுமானக் காலத்தில் வருமானம் இழந்த கடைகளுக்கு அதிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள்.

சிட்னியில் நடந்தது வேறு. ஜார்ஜ் தெரு வழியாகச் செல்லும் இலகு ரயிலுக்கான பணி 2015இல் தொடங்கி இழுத்துக்கொண்டே போனது. கடைக்காரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிறகு, 2017இல்தான் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு வாடகை உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்படியும் விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. உதவி தாமதமானால் வழக்குச் செலவும் சேர்ந்துகொள்ளும் என்பதற்கு அந்தத் தெரு சாட்சி.

எனக்கு மிகவும் பிடித்த முறை பிரான்சில் உள்ளது. அங்கே பல நகரங்களில் டிராம் பணி தொடங்கும்போதே வழக்கின்றிப் பேசித் தீர்க்கும் இணக்க முறை இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைக்கிறார்கள். பெரும்பாலும் நிர்வாக நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமை வகிக்கிறார். கடைக்காரர் முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் கொடுக்க வேண்டும். பணிக்கு முன்பிருந்த இலாபத்தோடு ஒப்பிட்டு, இழப்பு இயல்புக்கு மீறியதா என்று பார்க்கிறார்கள். ஊர் முழுமைக்கும் பயன்படும் ஒரு பணியின் சுமையை ஒரு தெருவினர் மட்டும் சுமக்கலாகாது என்ற சட்டக் கோட்பாடு அதற்கு அடிப்படை. இங்கேயும் அதைச் செய்யலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெட்ரோ சாலையில் இழப்பவரும் பெறுபவரும் ஒருவர் அல்லர். ரயில் ஓடத் தொடங்கியதும் நிலத்தின் மதிப்பும் வாடகையும் உயரும். அது கட்டட உரிமையாளருக்குச் செல்லும். கட்டுமானக் காலம் முழுவதும் நட்டத்தைத் தாங்கிய வாடகைதாரர், ரயில் வந்த மறு ஆண்டே உயர்ந்த வாடகையைக் கொடுக்க முடியாமல் கடையைக் காலி செய்ய நேரலாம். ஆகவே உதவிக்கான பணத்தை உயரும் நிலமதிப்பிலிருந்தே எடுப்பது முறையாகும். மெட்ரோ ரயில் கொள்கையே நிலமதிப்பு உயர்வில் ஒரு பங்கைத் திட்டத்துக்குத் திரட்ட வேண்டும் என்கிறது. கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி பெறுவோரிடம் அரசு ஏற்கெனவே கட்டணம் வசூலிக்கிறது. அந்த வருவாயில் சிறு பகுதியை, அதே வழித்தடத்தின் வாடகைக் கடைகளுக்கென ஒதுக்கிவைக்கலாம்.

கடைக்காரர் ஐயா இப்போதே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் சாலையில் நடக்கும் பகுதிக்கு எந்த வங்கி கடன் தருகிறது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு வங்கிகள், பணியால் இடமோ வருமானமோ இழப்போருக்கான மறுகுடியமர்வுத் திட்ட ஆவணத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. யாருக்கு எந்த இழப்புக்கு என்ன உரிமை என்ற அட்டவணை அதில் இருக்கும். ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கை, நிலம் எடுப்பதாலோ நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதாலோ வரும் வருமான இழப்பைத் தற்காலிகமாக இருந்தாலும் கணக்கில் கொள்கிறது. பொதுச் சாலையில் வைக்கப்படும் தடுப்பு அந்த வரையறைக்குள் வருமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. அதனாலேயே, மெட்ரோ நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்து வடிவில் முறையீடு செய்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைவீதி (கேள்வி கேட்டவர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு பைசாக் கணக்கை எங்கள் சங்கக் கூட்டத்தில் அப்படியே படித்துக்காட்டப் போகிறேன். கேட்பது சலுகை என்ற கூச்சம் எங்களில் பலருக்கு இருந்தது. திட்டச் செலவின் ஒரு பகுதியாக இதைக் கேட்கலாம் என்பது எனக்குப் புதிய எண்ணம். பூ விற்கும் அம்மாக்களையும் மனுவில் சேர்த்துக்கொள்வோம். என் கடை வாசலிலேயே ஒருவர் இருந்தார். தடுப்பு வந்தபின் அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

மூன்று கோரிக்கைகளோடு தொடங்கலாம் என்று நினைக்கிறேன்: தடுப்பு இருக்கும் காலத்துக்கு மின் நிலைக்கட்டண விலக்கு, வாடகையில் ஒரு பகுதிக்கு மாதாந்திர உதவி, சரக்கு ஏற்றி இறக்கக் காலையில் இரண்டு மணி நேரம் வண்டி நிறுத்த இடம். கடன் வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதுவோம்.

ஓர் ஐயம் மட்டும். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்வதால் என் விற்பனை குறைந்ததை நான் காட்ட முடியும். பக்கத்தில் தையல் கடையும் டீக்கடையும் வைத்திருப்பவர்கள் வரம்புக்குக் கீழே இருப்பதால் எதையும் தாக்கல் செய்வதில்லை. அவர்கள் எதைக் கொண்டு இழப்பைக் காட்டுவது?

பேரேடு (பதில்):

டீக்கடைக்காரரிடம் பால் வாங்கிய அட்டை இருக்கும். பணிக்கு முன்பு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், இப்போது எத்தனை என்பது அதில் தெரிந்துவிடும். தையல் கடைக்கு மின் அளவி காட்டும் யூனிட் கணக்கே சான்று; தையல் இயந்திரம் ஓடாத மாதத்தில் யூனிட்டும் குறைந்திருக்கும். இருவருக்கும் கியூஆர் அட்டை வழியாக வந்த பணத்தின் வங்கிப் பட்டியல் இருக்குமானால் அதையும் இணைக்கச் சொல்லுங்கள். தடுப்பு வைக்கப்பட்ட தேதியைக் காட்டும் ஒளிப்படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். முன், பின் என்று பிரித்துக் காட்ட அந்தத் தேதிதான் கோடு.