மண்ணுக்கும் சேர்த்துக் காசா?

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் காலனியில் ஒரு சின்னக் கூட்டுறவுப் பண்டகசாலை. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, டீத்தூள், அப்புறம் வாசலோரம் நாலு கூடை காய்கறி. ஆறு வருஷமாக நான்தான் பில் போடுகிறேன். கடைக்குப் பின்னால் சரிவில் கிழட்டு டீச்செடிகளைப் பிடுங்கிவிட்டு உறுப்பினர்கள் சேர்ந்து தோட்டம் போட்டோம். இது மூன்றாவது வருஷம். கூட்டுத் தோட்டம், நம்ம ஊர்க் காய் என்று பேசுவதெல்லாம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தது கொஞ்சம் வேறு மாதிரி. அதைத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு முட்டைக்கோஸ். காய்கறி வண்டி வந்து சரக்கு இறக்கும்போது சும்மா கேட்டேன். "இது எங்கேருந்துண்ணே வருது?" "மேட்டுப்பாளையம் மண்டி." "மண்டிக்கு?" டிரைவர் அண்ணன் சிரித்தார். "கேத்திதான். வேற எங்க?" அதாவது எங்கள் மலையிலேயே விளைந்த கோஸ், ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கி, ஏலம், கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு, மறுபடி 30 கிலோமீட்டருக்கு மேல் மலையேறி எங்கள் கூடைக்கு வந்திருக்கிறது. வெளி இலை வாடாமல் என்ன செய்யும்?

செயற்குழுவில் இதைச் சொன்னதும் ஆளாளுக்கு மண்டியைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எந்தக் கூட்டமானாலும் வரலாற்றில்தான் தொடங்குவார். "மேட்டுப்பாளையத்தைத் திட்டாதீங்க. வியாபாரி சொன்ன விலைக்கு உருளைக்கிழங்கைக் கொட்டிட்டு வந்த காலத்துல, நம்ம ஆளுங்க 1935-ல கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஆரம்பிச்சு அங்கேயே ஏலம் போட்டாங்க. படகத் தலைவர் ஆரி கவுடர் காலத்துச் சமாசாரம்." விளைவிக்கிறவர் கூட்டுறவு வேறு, வாங்குகிறவர் கூட்டுறவு வேறு என்று தொடர்ந்து, 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுக் கடை வரைக்கும் போய்விட்டார். டீ ஆறிவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் தோட்டம் முடிவானது.

முதல் வருஷம் தோட்டம் எங்களை அழ வைத்தது. டீக்குப் புளித்த மண்தான் பிடிக்கும், பீட்ரூட்டுக்கு ஆகாது. நெல்லிக்காய் அளவோடு நின்றுவிட்டது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவிக் கிளறி, மழைக்கு விட்டுவிட்டு, பிறகுதான் அடுத்த விதை. வேலிக்குப் பழைய சேலைகளைக் கட்டினோம். காட்டுப்பன்றி மிரளும் என்றார்கள். பன்றி வரவில்லை, காட்டெருமை வந்தது. ஒரு சேலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டது. என் மாமியாரின் பச்சைச் சுங்குடி. அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

இரண்டாவது வருஷம் கேரட் வந்தது. பிடுங்கிய அன்றே, செம்மண் ஒட்டியபடி கூடையில் வைத்தோம். ஒன்றுக்கு இரட்டைக் கால், ஒன்று கொக்கி மாதிரி வளைவு. பக்கத்துக் கூடையில் மண்டிக் கேரட், மிஷினில் உருட்டிக் கழுவினது, ஒரே அளவு, பளபளவென்று.

முதலில் வந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கேரட்டை விரலால் சுரண்டினார். கவுன்டரில் மண் உதிர்ந்தது.

"என்னம்மா இது, மண்ணுக்கும் சேர்த்துக் காசா?"

நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. "இருங்கம்மா, பார்த்திரலாம்" என்று தராசில் சரியாக ஒரு கிலோ வைத்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் கழுவினேன். மறுபடி எடை போட்டால் 940 கிராம். "பார்த்தீங்களா, 60 கிராம்தான்" என்றேன். அவர் விடுவாரா? "ஈரத்தோட நிறுத்தா? தண்ணியும் சேர்த்துல்ல நிக்குது." துண்டை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். 910. வரிசையில் நின்றிருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோவில் 90 கிராம் மண்!

அன்று சாயங்காலமே முடிவு செய்தோம்: தோட்டத்துக் கேரட் மட்டும் 1,100 கிராம் போட்டு ஒரு கிலோ விலை. கடையில் இதற்குப் பேரே மண் தள்ளுபடி. பில் போடும் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

கழுவியே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தோம். ஜூன் மாதம், வெளியே நச்சுநச்சென்று தூறல், கடைக்குள்ளேயே மேகம். கழுவின கேரட் நாலாம் நாளே கொழகொழவென்று ஆகிவிட்டது. இலையைத் திருகிவிட்டு மண்ணோடு சாக்கில் போட்டது பத்து நாள் கழித்தும் ஒடித்தால் படக்கென்று சத்தம் கேட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒன்றை ஒடித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது மண் கேரட்தான் கேட்கிறார், அதிலும் மண் குறைவாக இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு.

இன்னொரு சந்திப்பு. பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒரு பாட்டி அவரைக்காய் கொண்டு வருவார். வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக வாசற்படியில் உட்கார்ந்து தானே உரித்துக் கொடுப்பார். அவரையும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்து ராகிக் களியோடு சாப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள்கூட இப்போது அந்தக் குழம்புக்குப் பழகிவிட்டார்கள். எங்கள் செயலாளர் ஆசையோடு அந்தக் கூடைக்கு "இயற்கை விளைச்சல்" என்று அட்டை எழுதி, கிலோவுக்கு 20 ரூபாய் ஏற்றினார். பாட்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், படித்துச் சொன்னேன். "எங்கம்மா காலத்துல எல்லாமே எருதானே? அப்ப ஏன் எங்களுக்கு வெலை கம்மியா குடுத்தாங்க?" என்றார். செயலாளர் ஏதோ போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். அட்டையை எடுத்துவிட்டோம். ஏற்றின 20 ரூபாயை எடுக்கவில்லை, அதைப் பாட்டிக்கே கொடுக்கிறோம்.

சண்டைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பறிக்க வைத்திருந்த பீன்ஸ் சனிக்கிழமை ராத்திரியே காணாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் எங்கள் பொருளாளரின் சொந்த வீட்டுப் பெரியவர். "நானும் பங்குப் பணம் கட்டியிருக்கேன்ல? என் பங்கைத்தான் எடுத்தேன்" என்று நிமிர்ந்து நின்றார். பங்கு என்பது பீன்ஸ் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க வாத்தியாருக்கு இரண்டு கூட்டம் ஆனது.

போன வருஷத்திலிருந்து தோட்டத்துக் காய் போதாமல், கேத்திப் பக்கம் இரண்டு விவசாயிகளிடம் நேராகவும் கேரட் வாங்குகிறோம். அதுவும் மண்ணோடுதான். உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி என்று சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து:

காட்டெருமையாவது பரவாயில்லைங்க. எங்கள் கடைக்குக் கரடி வந்தது. கதவைப் பெயர்த்து உள்ளே போய், காய்கறிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், எண்ணெய் பாக்கெட்டையும் சர்க்கரையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. காலையில் கதவருகே எண்ணெயில் பதிந்த கால்தடம். ஸ்டாக் நோட்டில் "கரடி" என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆடிட்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

கூடலூரிலிருந்து:

எங்கள் பக்கம் லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதிகம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், அரசுத் தேயிலைத் தோட்ட வேலை. ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் கையகலத் தோட்டம் ஒன்று இருக்கும். மரவள்ளி, மிளகாய், கீரை. யாரும் அதைக் கூட்டுத் தோட்டம் என்று சொன்னதில்லை, ஆனால் ஒரு வீட்டுக் கீரை ஆறு வீட்டுக்குப் போகும். கடையில் விற்கலாமே என்று எங்கள் அத்தையிடம் கேட்டேன். "வித்துட்டா அடுத்த வீட்டுக்கு என்னத்தக் குடுக்குறது?" என்றார். பலாப்பழம் மட்டும் விற்பார். அதுவும் யானைக்கு வாசனை எட்டுவதற்குள், பிஞ்சிலேயே வெட்டி.

கொடைக்கானலிலிருந்து:

கோத்தகிரி அக்கா, உங்களுக்கு மண் இருந்தால் சண்டை, எங்களுக்கு மண் இல்லாவிட்டால் சண்டை. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் மலைப்பூண்டைத்தான் சொல்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கீழே எந்த ஊருக்குப் போனாலும் "மலைப்பூண்டு" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதனால் எங்கள் பூண்டே மண் இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால், இது மலைப்பூண்டே இல்லை என்பார்கள் வாங்க வருகிறவர்கள். மதுரையிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கடையில் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பல் சின்னதாக இருக்கிறது, பாதி விலைக்குக் கொடு என்றார். ஒரு பல்லை உரித்து மெல்லச் சொன்னேன். மென்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரை கிலோ வாங்கினார். கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை படும்படி வைத்த பூண்டுக்கு ஒரு வாசனை உண்டு, அதைத்தான் ஏமாற்ற முடியாது. அந்த வாசனை இல்லாத கட்டு ஒன்று எங்கள் கடைக்கே ஒருமுறை வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஊர்க்காரர் என்பதால் சத்தம் போடவில்லை.

கேத்தியிலிருந்து:

படித்தேன், சிரித்தேன். ஆனால் விவசாயி பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நாங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறோம், விடிவதற்குள் கழுவி லாரி ஏற வேண்டும் என்பதற்காக. ஒரே நாளில் 50 மூட்டை வரும். உங்கள் கடை எடுப்பது ஒரு மூட்டை. மீதி 49-க்கு மேட்டுப்பாளையம்தான் கதி. வாத்தியார் சொன்னதுதான் சரி, மண்டியைத் திட்டுவது சுலபம்.

அதைவிட முக்கியமாக ஒன்று. அந்த மண் தள்ளுபடி எனக்குக் கவலையாக இருக்கிறது. நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது 1961-லேயே கண்டுபிடித்தது. இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்ததே அதனால்தான். அதன் முட்டைக்கூடு குண்டூசித் தலையைவிடச் சின்ன உருண்டை, வேரில் ஒட்டியிருக்கும், அப்புறம் மண்ணில் உதிர்ந்து பல வருஷம் உயிரோடு கிடக்கும். கேரட்டை அது ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் நிலத்தில் கிழங்கும் கேரட்டும் மாற்றி மாற்றித்தான் போடுகிறோம். கேரட்டில் ஒட்டின மண்ணோடு அது உங்கள் ஊருக்கு வர முடியும். மண்வெட்டி, செருப்பு, சாக்கு எதிலும் வரும். எங்கள் கேரட்டைக் கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து, மறுபடி:

கேத்தி அண்ணா, உங்கள் பதிலைப் படித்ததும் கல்லாவை அடைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கூடைக்கு மேலே காட்சிக்கு வைக்க, தினமும் நாலைந்து கேரட்டைக் கழுவுவோம். அந்தத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஒரு வருஷமாகச் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது கிழங்குப் பாத்தி.

இரண்டு செடியைப் பிடுங்கி வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாமே மண் துகள் மாதிரிதான் தெரிகிறது. வாத்தியார் பூதக்கண்ணாடி கொண்டு வந்தார், அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பாத்தி மண்ணை ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை ஊட்டிப் பக்கம் முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கேட்கப் போகிறார். அடுத்த கார்போக நடவுக்கு அங்கே கிழங்கு வேண்டாம், வெறும் பீன்ஸ் என்று இப்போதைக்கு எழுதிவிட்டோம். பக்கெட்டை இடம் மாற்றியாயிற்று, சிமென்ட் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாக்குகளைத் தோட்டத்துக்குள் உதறக் கூடாது என்று கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மூட்டை நாளைக்கு வரும் என்றீர்களே, அதை மட்டும் கழுவியே அனுப்புங்கள் அண்ணா. மண் தள்ளுபடி இல்லை, முழு விலை போட்டுக்கொள்ளலாம்.