கேரவனுக்குள் கறுப்பு எறும்பு: ஸ்ப்ரே அடித்தால் வேறு இடத்தில் கிளம்புகிறது

நெடுஞ்சாலை_நண்பன்:

வணக்கம். குயின்ஸ்லாந்து சன்ஷைன் கோஸ்ட் பக்கம் ஒரு கேரவன் பார்க்கில் எங்கள் 19 அடி கேரவன் புல்தரையில் நிற்கிறது. பக்கத்திலேயே யூக்கலிப்டஸ் மரம். கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய் இரண்டும் இணைத்திருக்கிறோம், அனெக்ஸும் (வண்டியின் பக்கவாட்டில் கட்டுகிற கூடாரம்) போட்டிருக்கிறோம். சமையல் மேடையிலும் சிங்க்கைச் சுற்றியும் சின்னக் கறுப்பு எறும்பு சாரை சாரையாக வருகிறது. நீளம் 3 மி.மீ.க்குள், நல்ல பளபளப்பு. கடை ஸ்ப்ரே அடித்தால் அங்கே செத்து விழுகின்றன. இரண்டு நாளில் பாத்ரூம் பக்கமோ கட்டிலுக்கு மேலுள்ள அலமாரியிலோ புதுச் சாரை. நாலு வயதுக் குழந்தையும் பூனையும் உண்டு. என்ன செய்யலாம்? ஊரிலிருந்து வருகிறவர்களிடம் லட்சுமண ரேகை (எறும்புக்குக் கோடு போடுகிற மருந்து) வாங்கிவரச் சொல்லலாமா?

வன்னிமரம்:

முதல்ல ஸ்ப்ரேயை நிப்பாட்டுங்கோ. நீங்கள் காணுறது இரை தேடி வாற வேலைக்கார எறும்புகளை மட்டும்தான். ராணியும் குஞ்சுகளும் புத்துக்குள்ள பத்திரமா இருக்கும். கடை ஸ்ப்ரேயில பெரும்பாலும் இருக்கிறது பைரித்ராய்டு எண்ட பூச்சிமருந்து வகை. அது பட்ட இடத்தை எறும்பு விலத்திப் போகும், அதாலதான் வேற பக்கத்தால சாரை வருது. சில இனங்களில ஒரு புத்திலயே பல ராணிகள் இருக்கும். தொந்தரவு குடுத்தால் ராணியோட ஒரு கூட்டம் பிரிஞ்சு போய் இன்னொரு புத்து வைக்கும். அடிக்க அடிக்க பெருகிற மாதிரித் தெரியிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் சொல்லுற அடையாளத்துக்கு இது இங்கத்தைக் கறுப்பு வீட்டெறும்பா இருக்கக்கூடும். இனிப்பெண்டால் விடாது. சுவர் இடுக்கு, மரப்பட்டை, கல்லுக்கடி எண்டு எங்கயும் புத்து வைக்கும்.

இப்ப அறிய வேண்டியது ஒண்டுதான்: புத்து வண்டிக்குள்ளயா, வெளியிலயா? மிச்சமெல்லாம் அதைப் பொறுத்தது. இருட்டின பிறகு டோர்ச்சோட குனிஞ்சு, நிலத்தைத் தொடுற ஒவ்வொண்டையும் பாருங்கோ. வண்டி ஆடாமல் தாங்குற நாலு ஸ்டெபிலைசர் கால், ஜொக்கி வீல் (முன்பக்கத்துச் சின்னச் சக்கரம்), டயர், படி, கழிவுத்தண்ணிக் குழாய், குடிதண்ணிக் குழாய், 15 அம்ப் கறண்ட் வயர், அனெக்ஸ் கயிறு. கூரையில முட்டுற கிளையையும் விடாதேங்கோ. கால் எல்லாத்துக்கும் மருந்து போட்டுட்டு கறண்ட் வயரை மறந்து போறதுதான் கனபேர் விடுற பிழை. புல்லில கிடக்கிற வயர் எறும்புக்கு நேர் பாலம்.

வண்டியை நகர்த்தலாம் எண்டால் இன்னும் சுகம். அனெக்ஸைக் கழட்டி, குழாய் வயர் எல்லாத்தையும் உதறிச் சுத்தி, கொங்கிறீட் தரையில மூண்டு நாலு நாள் விடுங்கோ. வெளிப்புத்து எண்டால் உள்ள மிஞ்சினதுகள் நாளுக்கு நாள் குறைஞ்சு போகும். அதே அளவில சாரை நடந்தால் புத்து உங்களோடயே பயணம் வந்திருக்கு.

தேன்துளி:

லட்சுமண ரேகை வேண்டாம். அதிலும் பைரித்ராய்டுதான், ஸ்ப்ரேயின் வேலையையே செய்யும். பார்க்க எழுதுகிற சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் நாலு வயதுக் குழந்தை இருக்கிற வண்டியில் அது இருக்கவே கூடாது. பைரித்ராய்டில் ஒன்றான பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு ரொம்ப ஆபத்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரைமருந்துதான் வழி. தின்ற எறும்பு உடனே சாகக் கூடாது, புற்றுக்குத் திரும்பிப் போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்ட வேண்டும். அதனால் மருந்தின் அளவு குறைவாக இருப்பது முக்கியம்.

100 மி.லி. சுடுதண்ணீர், 20 கிராம் சர்க்கரை (தலைதட்டி ஐந்து டீஸ்பூன்), 1 கிராம் போரிக் ஆசிட் பவுடர் (தலைதட்டி கால் டீஸ்பூன்). போரிக் ஆசிட் இல்லாமல் போராக்ஸ் என்றால் ஒன்றரை கிராம். தூள் அடியில் தங்காமல் முழுக்கக் கரைய வேண்டும். ஆறியதும் பஞ்சில் நனைத்து, மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். டப்பாவின் பக்கத்தில் 3 மி.மீ. ஓட்டை நாலைந்து போட்டால் எறும்பு நுழையும், பூனை நாக்கு நுழையாது. மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே 'விஷம்' என்று எழுதுங்கள். மிச்சக் கரைசலைக் குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

டப்பாவைச் சாரையின் ஓரத்தில், முடிந்தால் வண்டிக்கு வெளியே வையுங்கள். முதல் நாள் கூட்டம் இரண்டு மூன்று மடங்காகும். அது நல்ல அறிகுறி, துடைத்துவிடாதீர்கள். டப்பா அருகிலேயே செத்துக் கிடந்தால் மருந்து அதிகம், பாதியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக ஊற்றுங்கள். காய்ந்து சர்க்கரை கட்டியானால் அவற்றால் உறிஞ்ச முடியாது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். ஏற்கெனவே ஸ்ப்ரே அடித்த இடத்தில் இரை வைத்தால் கிட்டவே வராது. சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைத்துவிட்டு வேறு இடத்தில் வையுங்கள்.

தொடவே இல்லை என்றால் ஒரு அட்டையில் ஒரு சொட்டுத் தேனும், கொஞ்சம் தள்ளி ஒரு பொட்டு பீநட் பட்டரும் வைத்துப் பாருங்கள். எதை மொய்க்கிறதோ அதில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். பீநட் பட்டர் என்றால் 100 கிராமுக்கு அதே 1 கிராம்.

நெடுஞ்சாலை_நண்பன்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பார்த்தேன். கரண்ட் வயரில் சாரை ஏறுகிறது, கால்களில் ஒன்றும் இல்லை. இன்னொன்று: சாப்பாட்டு மேசைக்கு மேலுள்ள ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் வெள்ளையாக, ரவை மாதிரி பொடி விழுகிறது. துடைத்தால் மறுநாளும் இருக்கிறது. அது முட்டையா?

ஆணியும்_பசையும்:

முட்டை இல்லை. உங்கள் வண்டியின் சுவர் இரண்டு தகடுகளுக்கு நடுவே வெள்ளை ஃபோம் வைத்தது என்றால், எறும்பு அந்த ஃபோமைக் குடைந்து வெளியே தள்ளுகிற துகள்தான் அது. ஆக, சுவருக்குள்ளும் புற்று இருக்கிறது. வயரில் ஏறுவது வெளிப்புற்றாக இருக்கலாம், அல்லது சுவரில் இருப்பவை இரைக்கு இறங்கிப் போய் வருவதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் இரைமருந்தை ஜன்னல் மூலைக்குக் கீழே ஒன்று, வெளியே வயர் வண்டிக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். வயருக்கு இப்போதே தடுப்புப் போடாதீர்கள், இரை கொண்டுபோகும் வழி அதுதான்.

அந்த மூலையை ஏன் தேர்ந்தெடுத்தன என்று பாருங்கள். ஜன்னல் விளிம்பின் சீல் விட்டுப்போய் மழைத்தண்ணீர் இறங்கினால் அங்கே ஈரம் நிற்கும், எறும்புக்கு அது போதும். ஊசி வைத்த ஈரமானியால் உள்பக்க மரச் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஒழுகுகிறது என்று அர்த்தம். எறும்பை மட்டும் கொன்று ஒழுக்கை விட்டால் மரம் அழுகும், அடுத்த கூட்டமும் வரும்.

ஆனால் அடைப்பது கடைசி வேலை. புற்று உயிரோடு இருக்கும்போது வெளி ஓட்டையை அடைத்தால் எல்லாம் வண்டிக்குள்தான் வெளிப்படும். சாரை முழுக்க நின்று ஒரு வாரம் ஆனதும் பழைய பசையைச் சுரண்டி, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து, விளிம்புக்குப் பின்னால் பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கிற மென்மையான ஒட்டுப் பட்டை) வைத்துத் திருகுங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது, அடுத்த முறை பழுதுபார்க்கிறவர் படாத பாடு படுவார்.

கரண்ட் வயர் உள்ளே நுழையும் இடத்தில் சாக்கெட்டுக்குள் எதையும் அடிக்காதீர்கள், ஊதாதீர்கள். வெளி விளிம்பைச் சுற்றி மட்டும் பூசலாம். உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் திறக்கட்டும். கேஸ் பெட்டியின் அடியிலுள்ள துவாரம், தரையில் கேஸ் வெளியேற வைத்த துவாரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள இரண்டு காற்றுச் சட்டங்கள், இவற்றை எறும்புக்காக அடைக்கவே கூடாது. கசிகிற கேஸ் காற்றைவிடக் கனம். தரையில்தான் தேங்கும், அந்தத் துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எறும்பு நுழையாத அளவு மெல்லிய வலை போட்டாலும் ஃபிரிட்ஜுக்கு வேண்டிய காற்றோட்டம் குறைந்துவிடும்.

வன்னிமரம்:

சுவர்ப்புத்து அடங்கின பிறகு தடுப்பு. வயரில ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ரர் டேப் சுத்தி, டேப்புக்கு மேல வாஸ்லின் மெல்லிசாப் பூசுங்கோ. வயரில நேரடியாப் பூச வேண்டாம், டயரிலயும் கூடாது, றப்பர் பழுதாகும். வாஸ்லினில தூசி படிஞ்சால் எறும்பு அதுக்கு மேலால நடக்கும், அதனால கிழமைக்கு ஒருக்கா டேப்போட மாத்துங்கோ. ஸ்டெபிலைசர் காலுக்கும் ஜொக்கி வீலுக்கும் ஊரில சாப்பாட்டு அலமாரிக் காலுக்கு வைக்கிற மாதிரித் தண்ணிக் கிண்ணம்தான், ரெண்டு சொட்டு டிஷ் வோஷ் விட்டு. சோப் இல்லாட்டில் தண்ணியின்ர தோலில நடந்து போகும். நுளம்பு முட்டை இடாமல் நாலு நாளுக்கு ஒருக்கால் பழைய தண்ணியைக் கொட்டிப்போட்டுப் புதுசா விடுங்கோ.

தேன்துளி:

ஒன்று விட்டுப்போனது. குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கில் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்ட நெருப்பெறும்பு (கடுமையாகக் கொட்டுகிற வெளிநாட்டு எறும்பு) இன்னும் ஒழியவில்லை. உங்களுடையது பளபளக்கும் கறுப்பு என்பதால் அது இல்லை. ஆனால் வண்டியை நிறுத்துகிற இடத்தில் செம்பு நிற உடலும் கருமையான வயிறுமாக, ஒரே புற்றில் 2 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. வரை பல அளவில் எறும்பு இருந்தால், புற்று மேட்டில் நுழைவாயில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், கிளறாதீர்கள், மருந்தும் போடாதீர்கள். படம் எடுத்து 24 மணி நேரத்துக்குள் நெருப்பெறும்பு ஒழிப்புத் திட்டத்தின் 132 268 என்ற எண்ணில் சொல்ல வேண்டும், அது சட்டம். அங்கிருந்து மண், பூந்தொட்டி, வைக்கோல் எதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

உங்கள் டப்பாக்களைச் சாரை நின்ற அன்றே எடுத்துவிடாதீர்கள். கூட்டுப்புழுவாக இருந்தவை பிறகுதான் எறும்பாக வெளிவரும், அவையும் தின்ன வேண்டும். இன்னும் இரண்டு வாரம் புதுக் கரைசலோடு இருக்கட்டும்.