இயந்திரம் பதில் சொல்லி முடித்த பிறகு ஒரு மனிதர் செய்தது: உங்கள் அனுபவம் என்ன? புனைபெயரிலேயே எழுதலாம்.

வைகைக்கரை

காசநோய்ப் பரிசோதனை முகாமில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அப்பா "இல்லை" என்றுதான் சொன்னார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் வியர்ப்பதில்லை. கையடக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். மடிக்கணினியில் இருந்த ஏஐ மென்பொருளும் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று மதிப்பெண் காட்டியது. கிளம்புவதற்காக அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

பதிவேடு எழுதிக்கொண்டிருந்த சுகாதாரப் பணியாளர் அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். அப்பா கையைத் தூக்கியதும் கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கைக்குப் போய்விட்டது.

"ஐயா, இந்தக் கடிகாரம் எப்போது வாங்கியது?"

"மகள் கல்யாணத்துக்கு."

"அப்போதும் இப்படித்தான் தொளதொளவென்று இருந்ததா?"

அப்பா வாயைத் திறக்கவில்லை. அக்கா எடை பார்த்தார், சளிக்குப்பியைக் கையில் கொடுத்தார், மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார். காசநோய் உறுதியானது. காவலாளி வேலை போய்விடும் என்று பயந்து அவர் இருமலை எங்களிடம்கூட மறைத்திருந்தார். ஆறு மாத மாத்திரையை முடித்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்த அக்காவிடம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. அதுதான் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

எக்ஸ்ரே அறை

அப்பா தேறியது மகிழ்ச்சி. ஆனால் இதை மென்பொருளின் தோல்வி என்று யாரும் படிக்க வேண்டாம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான காசநோய்த் தொடக்கப் பரிசோதனையில், மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதில் மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அது பெரிய உதவி. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வரம்பை வகுப்பதும் மனிதர்கள்தான். வரம்பைத் தாழ்த்தினால் நோய் இருந்தும் கண்ணில் படாமல் தப்புகிறவர்கள் குறைவார்கள், ஆய்வகத்தில் கூட்டம் கூடும். அது நிர்வாகம் எடுக்கும் முடிவு.

என் அனுபவம் வேறு. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் எக்ஸ்ரே படத்தில், காசநோய் இருக்கலாம் என்ற இடத்தை மென்பொருள் நிறம் தீட்டிக் காட்டியது. சரியாகத்தான் காட்டியது. வெளியே பெற்றோர், மாப்பிள்ளை வீட்டு அத்தை, எல்லோரும் காத்திருந்தார்கள். மருத்துவர் "இன்னொரு படம் எடுக்க வேண்டும்" என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே அழைத்தார். விஷயத்தைச் சொன்னார், குணமாகிவிடும் என்றார். பிறகு கேட்டார்: "அம்மா, இதை வெளியே யாரிடம் நான் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது?"

அவள் நெடுநேரம் யோசித்து, "அப்பாவிடம் மட்டும்" என்றாள். எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன் 2016இல் பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

தெற்குத் திண்ணை

எங்கள் ஆத்தாவின் ஓய்வூதியத்துக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் நவம்பர் மாத வாழ்வுச் சான்றிதழ். களையெடுத்துக் களையெடுத்து விரல் ரேகை தேய்ந்துபோனது, கருவி ஏற்கவில்லை. முகத்தைக் காட்டி எடுக்கலாம் என்று தபால்காரர் வீட்டுக்கு வந்தார். செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. ஆத்தாவுக்குக் காது மந்தம். சிமிட்டு என்று நாங்கள் கத்தக் கத்த அவர் கண்ணை அகல விரித்து விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேரம் முடிந்து திரை திரும்பத் திரும்ப அணைகிறது.

தபால்காரர் எங்களை நகரச் சொல்லிவிட்டு, செல்போனைப் பிடித்தபடியே ஆத்தாவின் காதருகே பேச ஆரம்பித்தார். "பம்பாயிலிருந்து தாத்தா மணியார்டர் அனுப்பும்போது, தபால்காரன் முன்னால் எண்ணாதே, பிள்ளைகள் பிடுங்கிவிடும் என்று எழுதுவாராமே?" ஆத்தா சிரித்தார். சிரிப்பில் கண் மூடித் திறந்தது. செயலி ஏற்றுக்கொண்டது.

அவருக்கு முன்னால் வேலை பார்த்த தபால்காரர் சொல்லிவிட்டுப் போன கதையாம் அது. இத்தனை வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

நுகர்வோர் தோழன்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. வங்கியின் உரையாடல் செயலி ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. கிளையில் ஓய்வு பெறப்போகும் ஒரு அம்மா தாளில் எழுதி வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தார். பணம் வந்தது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சில யோசனைகள். செயலி சொல்லும் பதிலைக் கட்டாயம் படம் பிடித்து வையுங்கள். கனடாவில் பாட்டி இறந்ததற்காகப் பயணம் செய்த ஒருவரிடம், துக்கப் பயணக் கட்டணச் சலுகைக்குப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் செயலி தவறாகச் சொன்னது. அவர் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. செயலி தனியொரு சட்ட உருவம், அது சொல்வதற்கு அதுவே பொறுப்பு என்றுகூட வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, நிறுவனமே பொறுப்பு என்று இழப்பீடு தரச் சொன்னது. அவர் செயலியின் பதிலைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

நம் ஊரில் வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். மற்றப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண் வாங்காமல் எந்த உரையாடலையும் முடிக்காதீர்கள். கிளைக்குப் போனால் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

இரவுப்பறவை

எல்லோரும் நல்ல மனிதர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "குழந்தைதான் பிறந்துவிட்டதே, அப்புறம் எதற்கு?" என்றார் அந்த மருத்துவமனையில் ஒருவர். என் சேலையையும் செருப்பையும் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் அது. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு செல்போனில் ஏஐயிடம் தமிழில் கேட்டேன். சதைத் திசுப் பரிசோதனை என்றால் என்ன, மாத்திரையால் சரியாகுமா, வேறு மருத்துவரிடம் கருத்து கேட்கலாமா, எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதையே மறுபடி கேட்டாலும் எரிந்து விழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போனேன். இப்போது மாத்திரையில் இருக்கிறேன், அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

எக்ஸ்ரே அறை அவர்களே, நீங்கள் எழுதிய மருத்துவரைப் போன்றவர் எத்தனை பேருக்கு வாய்க்கிறார்? எதிரில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலேயே மனிதத்தன்மை வந்துவிடாது. ஏழைக்கு அது கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

எக்ஸ்ரே அறை

நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கச் சொன்னால் நல்ல மருத்துவரும் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். மென்பொருள் மிச்சப்படுத்தும் நேரத்தை நோயாளிக்கே கொடுத்தால் நீங்கள் பட்ட அவமானம் குறையும். இன்னும் நூறு பேரை வரிசையில் சேர்த்தால் கூடும்.

ஆலைக்காரன்

இரவுப்பறவை அம்மா கேட்டது நியாயம். நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன்.

சர்க்கரை ஆலை, அரவைப் பருவத்தின் உச்சம். பாய்லர் விசிறியின் அதிர்வைக் கண்காணிக்கும் மென்பொருளில் எல்லாம் பச்சை. எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மீது வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "நிறுத்துங்கள்" என்றார். வெளியே கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலாளர் திரையைக் காட்டினார். அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. "என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிறுத்தச் சொன்னேன்" என்றார். பிரித்துப் பார்த்தால் பேரிங்கின் உள்கூண்டில் விரிசல்.

1983 செப்டம்பர் 26 அன்று, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் செயற்கைக்கோள் எச்சரித்தது. அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னவர் அன்று பணியில் இருந்த சோவியத் ராணுவ அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். மேகங்களில் பட்ட சூரிய ஒளியை அந்த அமைப்பு ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று அவரைக் கண்டித்தார்கள். எங்கள் அண்ணனிடமும் நிறுத்திய நேரத்துக்கு விளக்கம் கேட்டார்கள். விரிசல் விட்ட பேரிங்கை மேஜையில் வைத்த பிறகும் கேட்டார்கள். காது கேட்பதை யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். திரை பச்சையாக இருக்கும்போது தன் பெயரைக் கொடுக்கிற துணிவை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவரைத் தண்டிக்காமலாவது இருக்கலாம்.

இங்கே ஆலை, மின்நிலையம், ரயில்வே வேலையில் இருப்பவர்கள் எழுதுங்கள்: திரை சரி என்று சொல்லும்போது நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் இடத்தில் யாரிடம் இருக்கிறது? அது எழுத்தில் இருக்கிறதா?